முந்நூறு பஸ்கியும் ஒரு குப்பி ரத்தமும்

ஊருக்கெல்லாம் அவன் மாஸ்டர். எங்களுக்குக் குச்சி.

என் அம்மாவின் கடைசித் தங்கை அம்மாவைவிடப் பதினெட்டு வயது சின்னவள், என்னைவிட இரண்டே வயது பெரியவள். அவளைச் சித்தி என்று கூப்பிட எனக்கும் வெட்கம், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அவளுக்கும் வெட்கம். அந்தச் சித்தியின் மகன்தான் இவன். முறைக்கு எனக்குத் தம்பி. வயதுக்கு என் மூத்த மகனைவிட ஒரு வருடம் இளையவன். எங்கள் குடும்பத்தில் முறையும் வயதும் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை.

சிறு வயதில் அவ்வளவு மெலிவு. ஜன்னலைத் திறக்கும்போது அவன் எங்கே நிற்கிறான் என்று பார்த்துவிட்டுத்தான் திறப்போம். சட்டை தைக்கிற டெய்லர் இவனுக்கு அளவு எடுக்க மாட்டார். "போன வருஷ அளவே இருக்கட்டும்" என்பார். பத்தாம் வகுப்போடு படிப்பு அவனைக் கைகழுவியது. அதற்குப் பிறகு ஒரு சிமென்ட் கிடங்கில் மூட்டை தூக்கினான். ஏழு வருடம். குச்சி மெல்லக் கட்டையானது, கட்டை தூணானது. பெயர் மட்டும் மாறவில்லை.

அந்தக் கிடங்குக்கு எதிரே ஒரு மாடியில் கண்ணாடி போட்ட ஜிம். மூட்டையை இறக்கிவிட்டு மூச்சு வாங்கும்போதெல்லாம் அண்ணாந்து பார்ப்பான். உள்ளே நல்ல சட்டை போட்டவர்கள் இரும்பைத் தூக்குவார்கள். தூக்கிய இரும்பை எடுத்த இடத்திலேயே வைப்பார்கள். மறுநாளும் வந்து அதே இரும்பைத் தூக்குவார்கள்.

ஒரு நாள் வீட்டுக்கு வந்து தன் அக்காவிடம் சொன்னான்: "நாங்க தூக்கினா கூலி கொடுக்கறாங்க. அங்க தூக்கறவனே காசு கொடுக்கறான். நான் ரோட்டுக்குத் தப்பான பக்கத்துல நிக்கிறேன்கா."

அடுத்த மாதம் ரோட்டைக் கடந்தான். அன்றிலிருந்து இருபத்து மூன்று வருடமாக அங்கேயேதான்.

பள்ளிக்கூடத்தில் ஐந்து ஆறுகளின் பெயர் சொல்லச் சொன்னால் மூன்றாவதில் அழுகிறவன், பயிற்சியாளர் பரீட்சைக்கு இருநூறு தசைகளின் பெயரை மனப்பாடம் செய்து ஒப்பித்தான். ஆட்களின் பெயர் மட்டும் அவன் மண்டையில் ஏறாது. நோட்டில் எழுதி வைத்திருப்பான்: ஆறரை மணி, முட்டி. ஏழே கால், தொப்பை. எட்டு மணி, கூன். தொப்பை என்று எழுதப்பட்ட துணிக்கடை முதலாளி இரண்டு வருடம் பாடுபட்டு வயிற்றை முழுக்கக் கரைத்துவிட்டார். இன்றைக்கும் அந்த நோட்டில் அவர் தொப்பைதான்.

ஆரோக்கிய வாழ்க்கையைப் பற்றி அவனுடைய கருத்தைக் கேட்காதவர்கள் எங்கள் உறவில் யாரும் இல்லை. கேட்க விரும்பியவர்களும் யாரும் இல்லை. சர்க்கரை விஷம். உப்பு விஷம். மாவு விஷம். நாற்காலி எல்லாவற்றையும்விடப் பெரிய விஷம். விடிகாலை நாலரைக்கு மேல் படுக்கை விஷம். அவன் கணக்கில் உலகத்தில் விஷமில்லாத பொருள் இரண்டுதான். ஒன்று தண்ணீர், மற்றது முட்டையின் வெள்ளை. அந்தத் தண்ணீரையும் ஒரே மடக்கில் குடிக்கக் கூடாது.

எங்கள் பெரிய மாமா இறந்தபோது எல்லோரும் சுற்றி நின்று அழுதுகொண்டிருந்தோம். இவன் தலைமாட்டில் நின்று அவர் வயிற்றை ஒரு பார்வை பார்த்தான். பிறகு மாமியின் தோளைத் தொட்டு, "மாமி, உப்பை மட்டும் குறைச்சிருந்தா இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பார்" என்றான். மாமி அழுகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். மாமாவுக்குச் சமையல் செய்தவள் அவள்தான். முப்பத்தொன்பது வருடமும் செய்தவள் அவள்தான். துக்கம் விசாரிக்கப் போய்க் குற்றப்பத்திரிகை வாசித்துவிட்டு வந்த ஒரே ஆள் இவன்.

கல்யாணமும் ஆனது. அந்தப் பெண் பதினான்கு மாதம் அவனோடு குடித்தனம் செய்தாள். ஒவ்வொரு வாய்க்கும் எத்தனை தடவை மெல்லுகிறாள் என்று எண்ணுவானாம். ஒரு நாள் எண்ணிக்கை இருபத்தெட்டில் இருக்கும்போது எழுந்து போனவள் திரும்பி வரவில்லை. இப்போது வேறு ஊரில் ஒரு பேக்கரிக்காரரின் மனைவி. நன்றாக இருக்கிறாள் என்று கேள்வி. இரட்டைக் கன்னமாம்.

அதற்குப் பிறகு அவனும் அவன் அக்காவும் ஒரே வீட்டில். அக்காவுக்கு ஐம்பது வயது. தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் வேலை. காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் மாலை ஐந்தரைக்குத்தான் எழுவாள். தம்பியின் கொள்கைப்படி அவள் செத்து இருபது வருடம் ஆகியிருக்க வேண்டும்.

சிரிக்கிறோமே தவிர, இதற்கெல்லாம் ஒரு காரணம் இருந்தது. அவன் அப்பா, எங்கள் சித்தப்பா, ஐம்பத்து நாலில் போனார். சித்தப்பாவின் அண்ணன் ஐம்பத்து ஒன்று. அவர்களுடைய அப்பா ஐம்பத்து இரண்டு. அந்த வம்சத்தில் எந்த ஆணும் ஐம்பத்தைந்தாவது பிறந்தநாளைப் பார்த்ததில்லை. சித்தப்பா நூல் ஆலை வேலையை விட்டுவிட்டுக் கூடத்தில் ஒரு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். சரியாகப் பதினோரு வாரம். பிறகு எழுந்திருக்கவே இல்லை. அன்றைக்கு இவனுக்கு இருபத்து மூன்று வயது. உட்கார்ந்ததால்தான் அப்பா செத்தார் என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டான். அந்தப் பிரம்பு நாற்காலியில் அதற்கப்புறம் யாரையும் உட்கார விடவில்லை. தன்னுடைய பளு தட்டுகளை அதன் மேல் அடுக்கி வைத்திருந்தான்.

இப்படியே அவனுக்கு நாற்பத்தாறு வயது ஆனது. அந்த நேரம் பார்த்து ஜிம் கை மாறியது.

பழைய முதலாளி விற்றுவிட்டார். வாங்கினது ஒரு பெரிய கம்பெனி. சுவருக்கு அடர்சாம்பல் நிறம் அடித்தார்கள். வியர்வை வாடையை எடுத்துவிட்டு எலுமிச்சை வாடை போட்டார்கள். ஒரு மேனேஜர் வந்தார். முப்பது வயது இருக்கும். மடிக்கணினியைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டுதான் நடப்பார். மாஸ்டரைத் தவிர மற்ற ஆறு பயிற்சியாளர்களும் இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதுப் பிள்ளைகள். ஆறு பேரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருப்பார்கள். பொழுது முழுக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பதால் அவர்களுக்கு மட்டும் யார் யாரென்று தெரியும்.

மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

"மாஸ்டர், டீம், ஒரு சின்ன விஷயம். கம்பெனி ரூல். பயிற்சி கொடுக்கற எல்லாரும் டாக்டர் சர்ட்டிபிகேட் கொடுக்கணும். ரத்தப் பரிசோதனை, இதயம், எல்லாம். நம்ம கம்பெனி டாக்டர்கிட்டதான் போகணும். வயசுல மூத்தவங்க முதல்ல."

ஆறு பேரும் திரும்பி மாஸ்டரைப் பார்த்தார்கள்.

"இந்த மாசக் கடைசிக்குள்ள மாஸ்டர் கொடுத்துடுங்க. மத்தவங்களுக்கு அடுத்த மாசம்."

"கொடுக்கலேன்னா?" என்று கேட்டான் மாஸ்டர்.

"சும்மா ஃபார்மாலிட்டிதான் மாஸ்டர்."

"அது சரி. கொடுக்கலேன்னா?"

மேனேஜர் மடிக்கணினியைப் பார்த்தார். "சர்ட்டிபிகேட் இல்லாதவங்க தளத்துல நிக்கக் கூடாது. முன்னாடி மேஜையில போட்டுடுவோம். துண்டு கொடுக்கறது, லாக்கர் சாவி கொடுக்கறது. நாற்காலி இருக்கு, வசதியான வேலைதான்."

நாற்காலி என்ற வார்த்தையைக் கேட்டதும் குச்சிக்கு முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஐம்பத்து நாலுக்கு இன்னும் எட்டு வருடம் மிச்சம் வைத்திருக்கிறவனைக் கூப்பிட்டு, வா, இப்போதே உட்கார் என்றால்?

ஆனால் அவனுக்குப் பயம் இல்லை. பெருமைதான். வீட்டுக்கு வந்து அக்காவிடம், "என் ரத்தத்தைப் பார்த்தா அந்த டாக்டர் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைப்பார். சொட்டு சர்க்கரை கிடையாது, சொட்டுக் கொழுப்பு கிடையாது" என்றான்.

"மாட்டி வைக்கட்டும். கொசு மொய்க்காம பார்த்துக்கச் சொல்லு" என்றாள் அக்கா.

இங்கேதான் அவன் அந்தக் காரியத்தைச் செய்தான். வேறு தொழில்காரனாக இருந்தால் ரத்தம் கொடுப்பதற்கு முந்தின நாள் சீக்கிரம் சாப்பிட்டுப் படுத்திருப்பான். இவன் என்ன நினைத்தானென்றால், பரீட்சைக்கு முந்தின நாள் படிப்பதுபோல ரத்தத்துக்கும் ஒரு தயாரிப்பு வேண்டும். ரத்தம் நன்றாக ஓட வேண்டும், உடம்பு முழு வேகத்தில் இருக்க வேண்டும், டாக்டர் அசந்து போக வேண்டும். ஆகவே அன்று சாயங்காலம் தோளில் பளுவை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தான். முந்நூறு பஸ்கி. பிறகு அது போதாது என்று இருநூறு தண்டால். அந்த ஆறு பிள்ளைகளும் பார்க்கட்டும் என்று கண்ணாடிக்கு நேரே நின்று செய்தான். அவர்கள் கைதட்டினார்கள். தட்டத் தட்ட இவன் இன்னும் இருபது.

மறுநாள் காலை ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனபோது படிக்கட்டில் இறங்க முடியவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினான். அதுவும் அவனுக்குப் பெருமைதான்.

இரண்டு நாள் கழித்து ரிசல்ட் வாங்கி வரும்படி அக்காவை அனுப்பினான். பரிசோதனைக் கூடத்துக்காரர் காகிதத்தை உறையில் போடுவதற்கு முன் ஒரு தடவை படித்தார். படித்துவிட்டு அக்காவை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்கு என்ன வேணும் இவர்?"

"தம்பி."

அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் சொன்னேன்னு சொல்லாதீங்கம்மா. தம்பியைக் கொஞ்சம் குறைச்சுக்கச் சொல்லுங்க."

"எதைக் குறைச்சுக்கணும்?"

அவர் கட்டைவிரலை வாய்க்கு நேரே தூக்கிக் காட்டினார். "கல்லீரல் எண்ணு எங்கயோ போயிருக்கு."

அக்கா உறையோடு நேரே வீட்டுக்கு வந்திருந்தால் பரவாயில்லை. வழியில் என் வீடு இருக்கிறது. என்னிடம் சொன்னாள். நான் யாரிடமும் சொல்லவில்லை, என் மருமகளிடம் மட்டும் சொன்னேன். மருமகளும் யாரிடமும் சொல்லவில்லை, அவள் அம்மாவிடம் மட்டும் சொன்னாள். இப்படி யாருமே யாரிடமும் சொல்லாமல் சாயங்காலத்துக்குள் இரண்டு தலைமுறை உறவுக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. குச்சி மறைந்து மறைந்து குடிக்கிறான்.

எல்லோருக்கும் எவ்வளவு வருத்தம் என்கிறீர்கள்! வருத்தம் தாங்காமல் ஒவ்வொருவரும் ஒரு டம்ளர் டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை கூடுதலாகப் போட்டுக் குடித்தார்கள். தலைமாட்டுக் குற்றப்பத்திரிகை வாங்கிய பெரிய மாமி, "அப்படியா? அடடா, உப்பாவது குறைச்சுப் போட்டுக் குடிச்சானா கேளுங்க" என்றாளாம்.

சின்ன மாமா போன் போட்டார். எங்கள் உறவில் பகிரங்கமாகக் குடிக்கிற ஒரே ஆள் அவர். இருபது வருடமாகக் குச்சியின் பிரசங்கத்தைக் கேட்டு நொந்தவர்.

"மாப்ளே, கேள்விப்பட்டேன். சந்தோஷமா இருக்கு."

"என்ன மாமா சந்தோஷம்?"

"இத்தனை வருஷம் தனியா உட்கார்ந்து குடிச்சேன். குடும்பத்துல ஒரு துணை இருக்குன்னு சொல்லியிருந்தா வீட்டுக்கே வந்திருப்பேனே. என்ன பிராண்ட்?"

அவன் போனை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தான். அக்கா உறையைப் பார்த்தாள்.

"சத்தியமா சொல்லு. ஜிம்முக்குன்னு எடுத்துட்டுப் போறியே அந்தப் பாட்டில், அதுல தண்ணிதானா?"

"அக்கா!"

"மூடியைத் திற. மோந்து பார்க்கிறேன்."

நாற்பத்தாறு வயது மனிதன் மூடியைத் திறந்து நீட்டினான். அக்கா மோந்து பார்த்தாள். தண்ணீர்தான். அவளுக்கு நிம்மதி வரவில்லை. வாசனையில்லாத சரக்கும் இருக்கும் என்று தபால் ஆபீஸில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாள் இருவரும் டாக்டரிடம் போனார்கள். அங்கே இன்னொரு சங்கடம் காத்திருந்தது. கம்பெனி டாக்டர் பழைய ஆள்தான். நாலு வருடத்துக்கு முன் ஒரு புது வருடத் தீர்மானத்தில் இதே ஜிம்மில் சேர்ந்தவர். மூன்று நாள் வந்தார். மூன்றாம் நாள் நாற்பது பேருக்கு நடுவில் மாஸ்டர், "டாக்டர், வயித்தை உள்ள இழுங்க. உங்க நோயாளி ரெண்டு பேர் பார்க்கறாங்க" என்று கத்தினான். நாலாம் நாள் டாக்டர் வரவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் அவர் வயிறு இப்போது இன்னும் நன்றாக விளைந்திருந்தது. பக்கத்தில் கிரீம் பிஸ்கட் தட்டு.

"வாங்க மாஸ்டர். வயித்தை இழுத்துட்டு உட்காருங்க" என்றார் டாக்டர்.

மாஸ்டர் நின்றுகொண்டே இருந்தான். டாக்டர் காகிதத்தைப் படித்தார். பிஸ்கட்டைக் கீழே வைத்தார். மறுபடி படித்தார்.

"எத்தனை வருஷமாக் குடிக்கிறீங்க?"

"குடிக்கிறதே இல்லை டாக்டர்."

"இப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க."

அக்கா குறுக்கே புகுந்தாள். "டாக்டர், நான் பாட்டிலை மோந்து பார்த்துட்டேன். இவன் டீ குடிக்கிறவனையே பாவியா நினைக்கிறவன். இவன் குடிச்சா அந்தப் பாட்டிலே வெட்கப்படும்."

டாக்டர் அவன் நிற்கிற விதத்தைப் பார்த்தார். இரண்டு காலையும் அகட்டி, முட்டியை மடக்காமல், ஸ்டாண்டு மாதிரி நின்றான்.

"ரத்தம் கொடுக்கறதுக்கு முந்தின நாள் என்ன பண்ணீங்க?"

மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தினான். "முந்நூறு பஸ்கி. தோள்ல நாப்பது கிலோ. அப்புறம் இருநூறு தண்டால்."

"எதுக்கு?"

"ரத்தம் நல்லா வரணும்னு."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து முடிக்கும்வரை பிஸ்கட் தட்டு ஆடிக்கொண்டிருந்தது என்று அக்கா சொன்னாள்.

"மாஸ்டர், தசை அப்படி நைஞ்சு போனா அதுல இருக்கிறதெல்லாம் ரத்தத்துல வந்து கலக்கும். கல்லீரல் கெட்டாலும் அந்த எண்ணுல சிலது இதே மாதிரிதான் ஏறும். காகிதத்துக்கு என்ன தெரியும், நீங்க குடிச்சீங்களா குதிச்சீங்களான்னு? தசைக்குன்னு தனியா ஒரு எண்ணு இருக்கு, அதையும் பார்த்துடலாம். இப்ப நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான்."

"சொல்லுங்க டாக்டர். எதுவானாலும் செய்றேன்."

"ஒண்ணும் செய்யக் கூடாது."

"என்னது?"

"ஒரு வாரம். ஓடக் கூடாது, தூக்கக் கூடாது, தண்டால் கூடாது. தண்ணி நிறையக் குடிங்க, தூங்குங்க. எட்டாம் நாள் மறுபடி ரத்தம் எடுப்போம். எண்ணு இறங்கினா கையெழுத்துப் போடறேன். இறங்கலேன்னா நான் போட முடியாது."

மாதம் முடியப் பத்து நாள்தான் இருந்தது. இன்னொரு வாய்ப்பு கிடையாது. எண் இறங்காவிட்டால் துண்டு மேஜை.

வெளியே வந்ததும் மாஸ்டர் சொன்னான்: "பழி வாங்கறான்கா. நாலு வருஷமா மனசுல வெச்சிருந்து பழி வாங்கறான். ஒரு வாரம் சும்மா இருந்தா உடம்பு துருப்பிடிச்சுடும். அப்புறம் எண்ணு எப்படி இறங்கும்?"

"அவர் படிச்சவர்டா."

"படிச்சவன் வயித்தைப் பார்த்தியா?"

ஜிம்முக்கு ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு, முதல் நாள் எப்படியோ ஓட்டினான். கூடத்துக்கும் சமையலறைக்கும் நூற்று நாற்பது தடவை நடந்தான். நடப்பதை டாக்டர் பட்டியலில் சொல்லவில்லையாம். இரண்டாம் நாள் காலை குளியலறைக்குள் போனவன் அரை மணி நேரம் வெளியே வரவில்லை. தண்ணீர் விழுகிற சத்தமே இல்லை. "ம்ஹ், ம்ஹ்" என்று மட்டும் ஒரு சத்தம். அக்கா கதவைத் தள்ளினாள். தாழ்ப்பாள் பழசு, திறந்துகொண்டது. தம்பி ஈரத் தரையில் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தான்.

"எத்தனையாவது?" என்றாள் அக்கா.

"அறுபத்து நாலு."

"எந்திரி."

"முழுசா நூறு போட்டுட்டு..."

"எந்திரிடா!"

அன்றைக்கு அவள் லீவு போட்டாள். முப்பது வருட வேலையில் தன் கல்யாணப் பேச்சு நின்றுபோன அன்றுகூட லீவு போடாதவள். அவனுடைய இரண்டு ஜோடி ஷூவையும் ஒரு பையில் போட்டுப் பூட்டினாள். கூடத்துக்கு வந்து பிரம்பு நாற்காலியின் மேல் இருந்த பளு தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கீழே வைத்தாள். இருபது கிலோ தட்டை அவள் தூக்கியதைப் பார்த்து மாஸ்டர் அந்த நிலைமையிலும், "முதுகை வளைக்காதே, முட்டியை மடக்கு" என்றான்.

"வாயை மூடு. உட்காரு."

"இதுலயா?"

"இதுலதான்."

அவன் உட்காரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதுவரை அவன் அவ்வளவு சின்னக் குரலில் பேசி அக்கா கேட்டதில்லையாம்.

"அப்பா இதுல பதினோரு வாரம் உட்கார்ந்தார்கா. எனக்கு இப்ப நாப்பத்தாறு."

அக்கா கடைசித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே தம்பியைப் பார்த்தாள். அப்புறம் அதைக் கீழே வைத்தாள்.

"மண்டு. அப்பா உட்கார்ந்ததால சாகலைடா. சாகப் போறார்னுதான் உட்கார்ந்தார்."

"என்ன சொல்றே?"

"ஆலையில இருக்கும்போதே நெஞ்சு வலி. அஞ்சு மாசம் யார்கிட்டயும் சொல்லாம ரெண்டு ஷிப்டு பார்த்தார். ஓய்வு எடுங்கன்னு அங்க இருந்த டாக்டர் சொன்னதுக்கு, உட்கார்ந்தா துருப்பிடிச்சுடுவேன்னு சொன்னாராம். அப்புறம் நிக்க முடியாமதான் வேலையை விட்டார். அம்மா என்கிட்ட மட்டும் சொன்னா."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீ எங்க நின்னே சொல்றதுக்கு? ஓடிட்டே இருந்தே."

குச்சி அந்த நாற்காலியைப் பார்த்தான். இருபத்து மூன்று வருடமாக ஊரில் எத்தனை பேரை நாற்காலியிலிருந்து எழுப்பி ஓட விட்டிருப்பான்! நாற்காலி பாவம், ஒரு தப்பும் செய்யாமல் அத்தனை வருடம் நூறு கிலோவைச் சுமந்திருக்கிறது. கடைசியில் மெல்ல உட்கார்ந்தான். விளிம்பில்தான் உட்கார்ந்தான். பிரம்பு கிரீச்சென்றது. இரண்டு பேரும் பயந்துபோனார்கள். ஒன்றும் ஆகவில்லை.

"நல்லா சாய்ஞ்சு உட்காரு. இன்னும் ஒரு மணி நேரம்" என்றாள் அக்கா. தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் வரிசையை மீறுகிறவர்களுக்கென்று வைத்திருக்கிற குரல் அது. அந்தக் குரலுக்கு அவன் முதுகு தானாகப் பின்னால் சாய்ந்தது.

உட்கார்ந்தபடியே தூங்கினான். பகல் பன்னிரண்டு மணிக்குத் தூங்கியவன் சாயங்காலம் ஆறுக்குத்தான் எழுந்தான். நடுவில் அக்கா மூன்று தடவை மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். மூன்றாம் தடவை அவன் கண்ணைத் திறக்காமலே, "உயிரோடதான் இருக்கேன், விரலை எடு. வெங்காய வாடை" என்றான்.

மிச்ச நாட்களெல்லாம் தூங்கினான். இருபத்து மூன்று வருடத் தூக்கம் பாக்கி இருந்தது, அதை வட்டியோடு வாங்குகிறவன் மாதிரி தூங்கினான். ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்தான். எதிர் வீட்டில் ஒரு மாடிப்படி இருப்பதையே அப்போதுதான் கவனித்தானாம். பார்க்கப் போனவர்களிடம் ஒரு வார்த்தை அறிவுரை சொல்லவில்லை. அது எங்களுக்குத் தாங்க முடியாத பயத்தைக் கொடுத்தது. உண்மையிலேயே கல்லீரல் போய்விட்டதோ என்று சின்ன மாமாவே கவலைப்பட்டுப் பழம் வாங்கி வந்தார்.

எட்டாம் நாள் ரத்தம் எடுத்தார்கள். இந்தத் தடவை படியில் நேராக இறங்கினான். மறுநாள் காகிதம் வந்தது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிய பரிசோதனைக் கூடத்துக்காரர், "பார்த்தீங்களா, குறைச்சதும் எப்படி இறங்கிடுச்சு" என்று தன்னைத்தானே பாராட்டிக்கொண்டார். டாக்டர் கையெழுத்துப் போட்டார். போடும்போது, "வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு எடுங்க மாஸ்டர்" என்றார்.

"எடுக்கிறேன் டாக்டர். நீங்க வாரத்துக்கு ஒரு நாளாவது ஜிம்முக்கு வாங்க."

டாக்டர் பிஸ்கட் தட்டை அவன் பக்கம் தள்ளினார். பேச்சு அதோடு முடிந்தது.

மாதக் கடைசிக்கு ஒரு நாள் முன்னால் மாஸ்டர் சர்ட்டிபிகேட்டை மேனேஜர் மேஜையில் வைத்தான். மேனேஜர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துண்டு மேஜைக்கு வேறு ஆள் தேட வேண்டுமே என்ற கவலை அவருக்கு. மாஸ்டர் தளத்தில் தன் பழைய இடத்தில் போய் நின்றான். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்பதை அன்றே தொப்பைக்கும் முட்டிக்கும் கூனுக்கும் போதிக்க ஆரம்பித்தான். தானே ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்ததாகத்தான் சொன்னான். அறிவுரைக்குப் புதுச் சரக்கு கிடைத்துவிட்டது, அவ்வளவுதான் நடந்த மாற்றம்.

அடுத்த மாதம் மற்ற ஆறு பேரின் முறை. ரத்தம் கொடுப்பதற்கு முந்தின சாயங்காலம் ஆறு பேரும் கண்ணாடிக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். தோளில் பளு. மாஸ்டர் முந்நூறு போட்டாரே, நாம் நானூறு போடுவோம் என்று போட்டி. பிறகு என்ன நடந்திருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. ஆறு காகிதத்திலும் எண் எகிறியது. பரிசோதனைக் கூடத்துக்காரருக்குக் கட்டைவிரல் வலித்திருக்கும். ஆறு பேரும் ஒரு வாரம் தளத்தில் நிற்கக் கூடாது. கம்பெனி ரூல். ஆகவே ஆறு பேரையும் முன்னாடி மேஜையில் போட்டார்கள். ஒரு துண்டு அலமாரி, ஒரு சாவிப் பெட்டி, ஆறு பயில்வான்கள். ஒருவன் துண்டை எடுப்பான், ஒருவன் மடிப்பான், ஒருவன் நீட்டுவான், மற்ற மூவரும் வாடிக்கையாளருக்கு வணக்கம் சொல்வார்கள்.

மேனேஜர் மடிக்கணினியை அங்கேயே வைத்துவிட்டு ஓடிவந்தார். "மாஸ்டர், ஆறு பேரோட ஆளுங்களையும் இந்த வாரம் நீங்கதான் பார்த்துக்கணும். உங்களை விட்டா வேற யாரும் இல்லை."

இருபத்து மூன்று வருடத்தில் அவனைப் பார்த்து யாரும் இப்படிச் சொன்னதில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏண்டா, உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. அந்தப் பிள்ளைங்ககிட்ட முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே."

"எப்போ?"

"அவங்க நானூறுல இருக்கும்போது."

"போட்டு முடிச்ச அப்புறமா?"

"முந்நூத்து எண்பத்தஞ்சு இருக்கும். பாட்டு வேற சத்தமா ஓடிட்டு இருந்துச்சு."

"முன்னாடியே போய் நிறுத்துங்கடான்னு சொல்லியிருக்கலாமே?"

குச்சி அவளை உண்மையாகவே புரியாமல் பார்த்தான்.

"என்னக்கா பேசறே? நான் பயிற்சியாளர். பஸ்கி போடறவனைப் பார்த்து நிறுத்துன்னு எப்படிச் சொல்றது?"